இரண்டு விழுங்கலுக்கு நடுவே

குழியில் தண்ணீர் இல்லை.

நான்கடி தோண்டியாயிற்று. குழாயின் முதுகு தெரிந்தது. சுற்றியிருந்த மண் மாவு போலக் காய்ந்திருந்தது. கடப்பாரை குழிக்குள் உட்கார்ந்து குழாயைக் கையால் தடவி, கையை முகர்ந்து பார்த்து, மேலே நின்றவளிடம் நீட்டினார்.

"காது, நீங்களே பாருங்க. இந்த மண்ணைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போகலாம்."

கடப்பாரை என்பது பட்டப்பெயர். தோண்டும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர். காது என்பதும் பட்டப்பெயர்தான். அவள் நகரத்துக் குடிநீர்த் துறையில் கசிவு கண்டுபிடிப்பவள். தரைக்கடியில் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று, ஒரு முனையில் கிண்ணம் வைத்த எஃகுக் கம்பியைக் காதில் பொருத்திக் கேட்டுச் சொல்வாள். அவள் பெயிண்டால் புள்ளி வைத்த இடத்தில் இவர்கள் தோண்டுவார்கள். பதினாறு வருஷத்தில் வறட்டுக் குழி இதுதான் முதல் தடவை.

"பதினாறு வருஷமா தெருத் தெருவா கேட்டுச் சொன்ன காது. கடைசியில எங்களுக்கே காது குத்திட்டீங்களே" என்றார் கடப்பாரை.

ஆட்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் தொண்டையில் அது வந்து நின்றது. விழுங்கினாள். வாயில் எதுவும் இல்லை. வெறும் எச்சில், அதுவும் பாதி. அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"தப்பு என்னோடதுதான் அண்ணா. மூடிடுங்க."

"மூடறது இருக்கட்டும். நாளைக்காவது சரியா சொல்லுங்க. என்ஜினியர் இப்பதான் போன்ல கேட்டார், காதுக்கு என்ன ஆச்சுன்னு. இன்னொரு குழி காஞ்சு போச்சுன்னா கம்பியை வேற ஆள் கையில கொடுத்துட்டு உங்களை ஆபீஸ்ல உக்கார வச்சிடுவார். அங்க போய் மின்விசிறி சத்தம் கேட்டுக்கிட்டு இருங்க."

அவளுடைய காதுக்கு எதுவும் ஆகவில்லை. பழுது ஒரு சாண் கீழே இருந்தது.

கம்பியில் காதை வைத்தால் குறைந்தது பத்து நொடியாவது உடம்பு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கசிவின் சத்தம் பெரியது அல்ல. யாரோ அடுத்த அறையில் பல் இடுக்கில் காற்றை இழுப்பது போல இருக்கும். எச்சில் விழுங்கினால் காதுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். மற்றவர்களுக்கு அது தெரியாது. கம்பி வைத்திருப்பவளுக்குச் சுத்தியல் அடித்த மாதிரி. ஐந்து வாரமாக அவள் ஐந்தாறு நொடிக்கு ஒரு தடவை விழுங்கிக்கொண்டிருந்தாள். நேற்று அந்தத் தெருவில் பாதியைக் கேட்டாள். மீதியை ஊகித்துப் புள்ளி வைத்துவிட்டாள்.

அவள் தொழிற்கல்வி படித்தவள். இயந்திரப் பிரிவில் அந்த வருஷம் அவள் ஒருத்திதான் பெண். படிப்பு முடிந்ததும் இந்த வேலை. நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது, நாலு வருஷம் ஓடியது, நின்றது. பழுது இரண்டு பக்கமும் இருந்தது, உதிரி பாகம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தாள். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னலோர அறையைக் காலி செய்து கொடுத்தார்.

அப்பா அதே துறையில் வால்வு திறந்து மூடுகிறவர். பதவியில் மகளுக்குக் கீழே. அதில் அவருக்கு ஒரு குஷி. வேலை இடத்தில் நாலு பேர் முன்னால் "மேடம், திறக்கட்டுங்களா?" என்று பணிவாகக் கேட்பார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் "கழுதை, காபி இருக்கா பாரு" என்பார். இடத்துக்கு ஒரு பாஷை. ஒன்றை மற்ற இடத்தில் அவர் பேசியதே இல்லை.

அவள் ஒரு தெருவில் கம்பியோடு நிற்பாள். அவர் இரண்டு தெரு தள்ளி வால்வுக் குழிக்குள் இறங்கி நிற்பார். குழிக்குள் போன் எடுக்காது. எடுத்தாலும் அவர் பேசமாட்டார். சுத்தியலால் குழாயில் தட்டுவதுதான் வழக்கம். இரும்பு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு தட்டு தட்டினால் மூடு, நிறுத்து. இரண்டு தட்டினால் திற, விடு. அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே அந்தத் துறையில் அது இருந்தது. யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

இந்த வருஷம் அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. பேச்சு போயிற்று. இடது பக்கம் வாய் தொங்கி எந்நேரமும் பாதி திறந்தபடியே இருந்தது. விழுங்குவதும் பழுது. தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு மாவு கொடுத்தார்கள். பாலில் கலந்தால் பசை போல ஆகும். சாய்த்து உட்கார வைத்து ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்ட வேண்டும். விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருவாள். அந்த நேரத்தில் மகள் ஏதாவது தெருவில் கம்பியோடு நிற்பாள். அம்மா கூட இருப்பாள். வார நாட்களில் ஊட்டுவது அம்மா, ஞாயிற்றுக்கிழமை மகள்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டாவது வாரம் அவள்தான் கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளிப் போட்டாள். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் படட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வலது கை விரல் முட்டியால் கட்டில் இரும்பில் இரண்டு தட்டுவார். அவளுக்குச் சிரிப்பு வரும். "திறக்கச் சொல்றீங்களா? விட்டேன், வாங்கிக்கோங்க" என்று அடுத்த ஸ்பூனைக் கொடுப்பாள். பாஷை ஒன்றாவது மிஞ்சியதே என்று நினைத்தாள். அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை. அது அவர்கள் இரண்டு பேருடையது.

கடைசி ஞாயிறு, பால் பாதிக் கிண்ணத்துக்கு வந்தபோது இரண்டு தட்டினார். கொடுத்தாள். இன்னும் இரண்டு தட்டினார். கொடுத்தாள். புரையேறியது. இருமினார், முகம் கறுத்தது, முதுகைத் தடவியதும் அடங்கியது. திங்கட்கிழமை காய்ச்சல். செவ்வாய் ஆஸ்பத்திரி. உணவு நுரையீரலுக்குள் போயிருக்கலாம் என்று சொன்னார்கள். புதன்கிழமை மத்தியானம் போய்விட்டார்.

ஆட்கள் வந்து போய், நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்து, பதினோராம் நாள் கட்டிலைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள். சுவரில், கட்டில் தலைமாடு மறைத்திருந்த இடத்தில், ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அம்மாவின் கையெழுத்து. பயிற்சிப் பெண் சொல்லச் சொல்ல எழுதியது.

'ஒரு தட்டு – ஆமாம், கொடு. இரண்டு தட்டு – வேண்டாம், போதும்.'

அன்று சாயங்காலம் தொண்டையில் அது வந்தது.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதிலிருந்து அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் நாற்காலியை மாற்றினாள். பேருந்தில் இடம் கிடைத்தாலும் நின்றாள். கழிவறைக் கண்ணாடி முன் வாயைப் பிளந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். காய்ந்த ரொட்டியை விழுங்கிப் பார்த்தாள், இறங்கியது. பெரிய வாழைப்பழத் துண்டு, அதுவும் இறங்கியது. கழுத்தை வெளியிலிருந்து அமுக்கினாள், வலித்தது. அமுக்கினால் வலிக்கத்தான் செய்யும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடியும் அமுக்கினாள். இரண்டு வாரத்துக்கு நேரமும் விவரமும் போட்டு ஒரு பட்டியல் எழுதினாள். அதில் ஒரே ஒரு விஷயம் இடித்தது. சாப்பிடும்போது அது தெரியவில்லை. சாப்பிடாதபோது மட்டும் இருந்தது.

குழாயில் அப்படி ஒரு அடைப்பை அவள் பார்த்ததில்லை. தண்ணீர் போகிறது, ஆனால் அடைத்திருக்கிறது.

காது மூக்கு தொண்டை டாக்டர் நடுத்தர வயதுப் பெண். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையில் காட்டினார். ஈரமாக, இளஞ்சிவப்பாக, ஒரு சுத்தமான பாதை. அவள் வேலையில் கூட இவ்வளவு சுத்தமான குழாயைப் பார்த்ததில்லை.

"ஒண்ணுமே இல்லம்மா."

"ஒண்ணும் இல்லைன்னா ஏன் இருக்கு?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அடைப்பு இல்லைன்னுதான் சொன்னேன். பொய் சொல்றீங்கன்னு சொல்லல. நிஜமா ஏதாவது அடைச்சிருந்தா முதல்ல சாப்பாடுதான் நிக்கும். உங்களுக்குச் சாப்பாடு நிக்கல. எச்சில் முழுங்கும்போதுதான் தெரியுது. சரியா?"

"சரி."

"உணவுக்குழாய் வாசல்ல வளையம் மாதிரி ஒரு தசை இருக்கு. எப்பவும் மூடியே இருக்கும். முழுங்கும்போது மட்டும் ஒரு நொடி திறந்து மூடும்."

"வால்வு" என்றாள் அவள். சொன்ன பிறகு கையைப் பார்த்துக்கொண்டாள்.

"வால்வுதான். வயித்துப் புளிப்பு மேல வந்தாலும் அந்த இடம் எரிச்சலாகி இறுகும். மனசுல ஏதாவது இருந்தாலும் இறுகும். அந்த இறுக்கம் உங்களுக்கு ஒரு உருண்டை மாதிரி தெரியுது. உருண்டை இருக்கேன்னு முழுங்குறீங்க. முழுங்க எதுவும் இல்ல. வெறும் வாயை முழுங்க முழுங்க அது இன்னும் இறுகுது. வந்ததுலேர்ந்து எத்தனை தடவை முழுங்கினீங்க தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டிருந்தாள்.

"புளிப்புக்கு மாத்திரை தர்றேன். வெறுமே முழுங்காதீங்க. செருமாதீங்க. முழுங்கணும்னு தோணினா ஒரு மடக்கு தண்ணி குடிங்க. சாப்பாடு அடைச்சா, வலிச்சா, குரல் மாறினா, எடை குறைஞ்சா உடனே வாங்க. இப்போ அது எதுவும் இல்ல." பிறகு, எழுதிக்கொண்டே, "எப்ப ஆரம்பிச்சுது? அன்னிக்கு வீட்ல ஏதாவது நடந்துதா?"

"ஒண்ணும் நடக்கல. கட்டிலை நகர்த்தினோம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இதெல்லாம் வறட்டுக் குழிக்கு இரண்டு வாரம் முன்னால். மாத்திரை தீர்ந்தது. தண்ணீர் பாட்டில் திறக்காமல் பையிலேயே கிடந்தது. அது போகவில்லை. கேட்க வேண்டியது டாக்டரிடம் இல்லை என்பது அவளுக்கு அப்போதே தெரியும். அப்பா வேண்டாம் என்றாரா, வேண்டும் என்றாரா. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வீட்டில் சமையலறையில் இருந்தாள். கேட்டால், நான் ஊட்டித்தான் அவர் போனார் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அந்தக் காகிதத்தை ஐந்து வாரம் சுமந்தாள்.

இப்போது கம்பியும் போகும் என்ற நிலை வந்துவிட்டது.

குழியை மூடிவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். அம்மா மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். இடையிடையே தொண்டையைச் செருமினாள். அம்மா சில வாரமாகச் செருமிக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுத் தூசி என்று சொல்லியிருந்தாள்.

"சீக்கிரம் வந்துட்டே?"

"குழி காஞ்சு போச்சு."

"உனக்கா? உனக்கு ஒரு நாளும் அப்படி ஆகாதே."

அவள் உட்காரவில்லை. அடுப்பு வரை போனாள், திரும்பி வந்தாள், குழாயைத் திறந்து மூடினாள், கை துடைத்தாள். துடைத்த கையை மறுபடி துடைத்தாள்.

"எதுக்கு இப்படிக் கூண்டுல போட்ட மாதிரி சுத்தறே? ஒண்ணு உக்காரு, இல்ல வெளிய போ. எனக்குத் தலை சுத்துது."

அவள் காகிதத்தை எடுத்துப் பட்டாணித் தோலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மா கண்ணாடியைத் தேடவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது.

"இது எங்க கிடைச்சுது?"

"சுவத்துல. கட்டிலுக்குப் பின்னாடி."

"நான்தான் ஒட்டினேன். அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நான் இதைப் பார்க்கலம்மா. அப்பா வீட்டுக்கு வந்த ரெண்டாவது வாரம் கட்டிலைத் தள்ளிப் போட்டேன்ல. மறைஞ்சு போச்சு."

"சரி."

"அந்த ஞாயித்துக்கிழமை…"

"மென்னு முழுங்காம சொல்லு."

சொன்னாள். நின்றுகொண்டே, வேலைக் குறிப்பு வாசிப்பது போலச் சொன்னாள். குழாயில் தட்டுவது பற்றி. ஒன்றுக்கு மூடு, இரண்டுக்குத் திற. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இரண்டு தட்டியது, தான் கொடுத்தது. கடைசியில் இரண்டு தடவை இரண்டு தட்டியது. புரையேறியது. வாயைத் திறந்தாரே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன், வாய் எப்பவும் திறந்துதானே இருந்தது. போதும் போதும்னு சொன்ன மனுஷனுக்கு ஊட்டிட்டேன்.

அம்மா ஒரு பட்டாணியை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு தட்டினா திறக்கணுமா?"

"குழாய்ல அப்படித்தான்."

"எத்தனை வருஷமா?"

"அவர் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து."

"முப்பத்தெட்டு வருஷம் அந்த மனுஷனுக்குத் தட்டு வச்சேன், தட்டு கழுவினேன். இந்தத் தட்டைப் பத்தி எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு சொல்லிக்கொடுத்தப்போ தலையைத் தலையை ஆட்டினார். புரிஞ்சுதுன்னு நினைச்சேன். எங்கிட்ட ரெண்டு தட்டுவார். போதும்கிறார்னு கிண்ணத்தை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். என்னை முறைப்பார். அப்படி ஒரு முறைப்பு. அப்புறம் சுவத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்குவார். உடம்பு வேதனை, அதான் கோபம்னு விட்டுட்டேன்." பட்டாணி உருண்டு தரையில் விழுந்தது. "மூணு வாரம் பசியோடயா படுக்க வச்சேன்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா."

"நீ சொல்லாதே, நான் சொல்றேன். அந்த ஞாயித்துக்கிழமை நீ குளிக்கப் போனே. நான் ரெண்டு வாய் ஊட்டினேன். ஒரு தட்டு தட்டினார். கேக்கறார்னு கொடுத்தேன். திரும்ப ஒரு தட்டு. கொடுத்தேன். இருமினார். பெரிய இருமல். நீ வர்றதுக்குள்ள வாயைத் துடைச்சு விட்டுட்டேன். உங்கிட்ட சொல்லல." அம்மா செருமினாள். "யார்கிட்டயும் சொல்லல."

குனிந்து, தரையில் விழுந்த பட்டாணியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

அவள் மூளை பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டது. பயிற்சிப் பெண்ணின் கணக்கில் பார்த்தால் மகளுடைய தப்பு. குழாயின் கணக்கில் பார்த்தால் அம்மாவுடையது. வேலை இடத்தில் மேடம், வீட்டில் கழுதை என்று பேசிய மனிதர், மகளுக்கு ஒரு பாஷையிலும் மனைவிக்கு ஒரு பாஷையிலும் தட்டியிருந்தால் இரண்டு பேருமே சரி. ஆனால் அப்படி இருந்தால் அந்த முறைப்பு எதற்கு? எல்லா விதமாகவும் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் நேராக நிற்கவில்லை. எந்த ஸ்பூன் நுரையீரலுக்குப் போனது என்று இனி யாராலும் குழி தோண்டிப் பார்க்க முடியாது.

அம்மா எச்சில் விழுங்கினாள். சிறிது நேரத்தில் மறுபடியும் விழுங்கினாள். கழுத்துத் தோல் மேலே ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள். மூன்றாவது தடவை பார்த்தபோதுதான் புரிந்தது.

"உனக்கும் அங்க ஏதோ நிக்கற மாதிரி இருக்காம்மா?"

"எங்க?"

"தொண்டையில. முழுங்கினா போகாம."

"முள்ளு மாதிரி. இல்ல, முள்ளு இல்ல. நெல்லிக்காய் மாதிரி." அம்மா கையைக் கழுத்தில் வைத்தாள். "வயசாச்சு. ஏதாவது பெரிய நோயா இருக்குமோன்னுதான் உங்கிட்ட சொல்லல. இருக்கிறது போதாதுன்னு அது வேறயா."

"சாப்பிடும்போது நிக்குதா?"

"சாப்பிடும்போது தெரியல."

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். "எனக்கும் அதேதான். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்ல. உன்னையும் ஒருதடவை கூட்டிட்டுப் போய்க் காட்டறேன், வயசு இருக்கில்ல. ஆனா வெறுமே முழுங்காதே. செருமாதே. செருமினா அது இன்னும் இறுகும்."

"பின்ன என்ன பண்றது?"

"தண்ணி குடிக்கணும். ஒரு மடக்கு."

"இவ்வளவும் தெரிஞ்சு வச்சிருக்கே. ஒரு வார்த்தை சொன்னியா? அப்படியே உங்கப்பா."

இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் தண்ணீர் குடித்தார்கள். அம்மா முதல் மடக்கைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள், யாரோ கதவு தட்டுகிறார்களா என்று கேட்பவள் போல. பிறகு அழுதாள். சத்தம் பெரிதாக இல்லை. மகளும் அழுதாள். அழும்போது தொண்டை அடைத்தது, அது வேறு அடைப்பு. எதனால் என்று தெரிந்த அடைப்பு.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து, செம்பைத் தூக்கி, "இன்னும் ஊத்தட்டுமா?" என்றாள்.

அம்மா விரல் முட்டியால் மேஜையில் ஒரு தட்டு தட்டினாள்.

அவள் செம்பைச் சாய்க்காமல் நிறுத்தினாள். "எந்தக் கணக்குலம்மா?"

அம்மா யோசித்தாள். "உங்கப்பா கணக்குல" என்றாள். "போதும்."

மறுநாள் காலையில் அதே தெரு. மூடிய குழிமேல் மண் மேடாக இருந்தது. கடப்பாரை அதன்மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"காது, இன்னிக்கு எங்க வெட்டறது? சொல்லுங்க, புதையலாவது கிடைக்குதா பார்ப்போம்."

"பேசாம இருங்க அண்ணா. கேக்கணும்."

"எங்க வாயை அடைச்சிடறீங்க. தண்ணியைத்தான் விட்டுடறீங்க."

அவள் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள். கம்பியைக் குழாய்க்கு நேர் மேலே தரையில் ஊன்றிக் காதை வைத்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஆறில் அது வந்தது. விழுங்கச் சொன்னது. ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். ஒன்பது. அடுத்த இடத்தில் பன்னிரண்டு. பதினான்காவது நொடியில், பல் இடுக்கில் யாரோ காற்றை இழுத்தார்கள். நேற்றுப் புள்ளி வைத்த இடத்திலிருந்து இருபதடி தள்ளி.

பெயிண்டால் புள்ளி வைத்தாள். கடப்பாரை வந்து நின்று புள்ளியையும் அவளையும் பார்த்தார்.

"நிச்சயமா?"

விழுங்கினாள். அது இருந்தது.

"வெட்டுங்க" என்றாள்.

அவர்கள் வெட்டத் தொடங்கினார்கள். அவள் நகராமல் பக்கத்திலேயே நின்றாள். மூன்றடி ஆழத்தில் மண்ணின் நிறம் ஈரத்தில் கறுத்தது.